கோப்பியின் ருசி எங்கே பிறக்கிறது? மில்லடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் மிளகாயும் மல்லியும் அரைக்கிற சின்ன மில் ஒன்று வைத்திருக்கிறேன். கிழமையில் இரண்டு நாள் கோப்பியும் வறுத்து அரைத்துக் கொடுப்போம். பெரும்பாலும் கண்டி, மாத்தளைப் பக்கத்துக் கொட்டைதான். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள் விட்டுப்போகும் பொட்டலங்களும் இடைக்கிடை வரும். ஒன்றில் எதியோப்பியா என்று இருக்கும், இன்னொன்றில் சுமாத்திரா. "அண்ணை, இது பழுதாப்போச்சோ? புளிக்குது" என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். பழுதில்லை, அதன் ருசியே அப்படித்தான். ஏன் அப்படி என்று ஒவ்வொருவருக்கும் நின்று விளக்குவதற்குள் மிளகாய் கருகிவிடுகிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

கோப்பி என்றால் கோப்பிதானே? ஊருக்கு ஊர் ருசி ஏன் மாறுகிறது?

பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். ஒன்றைத் தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்னலாம், மற்றது மாவாகிக் கூழுக்குப் போகும். இரண்டும் ஒரே பாத்தியில் வந்த கிழங்காகக்கூட இருக்கலாம்.

கோப்பியும் அதே கதைதான். நாம் குடிப்பது ஒரு பழத்தின் விதை. சிவந்த பழம், உள்ளே கொஞ்சம் இனிப்புச் சதை, வழுவழுப்பான ஒரு படை, அதற்குள் தோடு, தோட்டுக்குள் இரண்டு கொட்டை. இந்தப் பழத்தைப் பறித்த நேரத்திலிருந்து கொட்டை காயும்வரை அந்த ஊர்க்காரர் என்ன செய்கிறார் என்பதில் ருசியின் பெரும்பங்கு முடிவாகிவிடுகிறது. அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று பார்த்தால், பெரும்பாலும் மழையும் வெயிலும் தண்ணீரும்தான் காரணம். எந்த நாட்டுக் கோப்பி என்று கேட்பதைவிட, அறுவடை நேரம் அந்த ஊரில் மழையா வெயிலா என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். காலபோக நெல்லை வெட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற யாருக்கும் இதை நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

அராபிக்கா, ரொபஸ்டா என்கிறார்களே, அது என்ன?

இரண்டும் இரண்டு இனம். அராபிக்காவில் இனிப்பும் புளிப்பும் கூட, கஃபீன் குறைவு, ஏறக்குறைய 1.2 முதல் 1.5 வீதம். ரொபஸ்டாவில் கஃபீன் அதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு. கசப்பும் கனமும் கூட. அராபிக்கா குளிர் தேடும் செடி, ரொபஸ்டா வெக்கையைத் தாங்கும். உலகத்தில் அதிகம் ரொபஸ்டா விளைவிப்பது வியட்நாம். கரைத்துக் குடிக்கும் உடனடிக் கோப்பித் தூளில் பெரும்பகுதி இந்த இனம்தான்.

ரொபஸ்டா என்றால் மட்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒழுங்காகப் பறித்து ஒழுங்காகக் காயவைத்த ரொபஸ்டா, அரைகுறையாகப் பறித்த அராபிக்காவைவிட நன்றாக இருக்கும். பாலுக்கும் பனங்கட்டிக்கும் அதுதான் ஈடுகொடுக்கும்.

மலை உயர உயர விலையும் ஏறுகிறதே, உயரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

குளிர். 1000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை வெப்பம் குறையும். அராபிக்காவுக்குப் பிடித்தது 15 முதல் 24 பாகை. குளிரான இரவில் பழம் ஆறுதலாகப் பழுக்கிறது. கிளையில் அதிக நாள் நிற்பதால் இனிப்பும் புளிப்பும் கொட்டைக்குள் ஏற நேரம் கிடைக்கிறது, கொட்டையும் இறுகுகிறது. எதியோப்பியாவில் யிர்கச்செஃபே பக்கம் 1700 மீற்றருக்கு மேலேயும் தோட்டங்கள் உண்டு.

இதைக் காதால் கேட்கலாம். மலைக் கொட்டையைத் தகரப் பேணியில் போட்டால் சின்னக் கல் விழுகிற மாதிரிச் சத்தம் வரும். தாழ்நிலத்துக் கொட்டைக்குச் சத்தம் மங்கல். வறுக்கும்போதும் தாழ்நிலத்துக் கொட்டை சட்டென்று கறுத்துவிடும், கையைக் கொஞ்சம் அசந்தால் போச்சு.

ஆனால் பொட்டலத்தில் போட்டிருக்கும் மீற்றர்க் கணக்கை மட்டும் நம்பவேண்டாம். பிறேசிலின் கோப்பி மாநிலங்கள் பூமத்தியரேகைக்குத் தூரத்தில் இருப்பதால் அங்கே 1000 மீற்றரிலேயே போதிய குளிர் கிடைத்துவிடும். உயரம் என்பது குளிருக்கு ஒரு குத்துமதிப்பான கணக்கு, அவ்வளவுதான்.

நிழலில் வளர்த்த கோப்பி என்று போட்டிருக்கிறார்களே, மிளகாய்க்கு நிழல் ஆகாதே?

மிளகாய்க்கு ஆகாது. அராபிக்காக் கோப்பி எதியோப்பியக் காட்டில் பெரிய மரங்களுக்குக் கீழே வளர்ந்த செடி, அதன் பிறப்பே நிழலில்தான். கர்நாடகத்தில் குடகு, சிக்மகளூர்த் தோட்டங்களில் சில்வர் ஓக், பலா, அத்தி இவற்றுக்குக் கீழே கோப்பியும், அந்த மரங்களில் ஏறிய மிளகுக் கொடியும் ஒன்றாக நிற்கும். கண்டி வீட்டுத் தோட்டங்களிலும் கமுகு, பலா, கிராம்பு நிழலில் இரண்டு மூன்று கோப்பிச் செடி நிற்பது வழமை.

மிளகுக்குப் பக்கத்தில் நின்றால் கோப்பியில் மிளகு மணக்குமா என்று ஒரு தங்கச்சி கேட்டார். மணக்காது. நிழல் செய்வது வெக்கையைக் குறைப்பது, அதனால் பழுப்பதைப் பிந்தவைப்பது. மலை உயரம் தருகிற குளிரில் ஒரு பங்கை மரம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே வெக்கையான தாழ்ந்த இடத்தில்தான் நிழலால் ருசிக்கு நல்ல பலன். ஏற்கெனவே குளிரான உயரத்தில் நிழலும் கூடினால் விளைச்சல்தான் குறையும்.

பிறேசிலில் பெரும்பாலும் வெட்டவெளித் தோட்டம். இயந்திரம் வரிசையில் ஓடிப் பழத்தை உலுப்புகிறது, நடுவில் மரம் நின்றால் அது எப்படி ஓடும்? அங்கே நிழலைத் தீர்மானிப்பது இயந்திரம்.

பறிக்கிற விதத்தால்கூட ருசி மாறுமா?

மாறும். ஒரே கொப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு, காய்ந்து கறுத்தது எல்லாம் ஒன்றாக நிற்கும். சிவந்ததை மட்டும் விரலால் கிள்ளி எடுத்து, மற்றதை விட்டு, பத்து நாள் கழித்துத் திரும்பி வருவது ஒரு வழி. கொப்பை அடியில் பிடித்து நுனிவரை உருவி எல்லாவற்றையும் சாக்கில் போடுவது இன்னொரு வழி. முதலாவதற்குக் கூலி பல மடங்கு. ஒரு கிலோ கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பச்சையாக உருவிய கொட்டை காய்ந்தபின் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. வறுத்தால் காட்டிக்கொடுத்துவிடும். போன மாதம் ஒரு சாக்குக் கொட்டையில் ஒரு கிலோ வறுத்துச் சுளகில் கொட்டினேன். கபில நிறக் கொட்டைகளுக்கு நடுவே வெளிறிய மஞ்சளில் கொட்டைகள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கிடந்தன. பொறுக்கிப் பொறுக்கி ஒரு சிரட்டை நிறைந்தது. ஒன்றை வாயில் போட்டு மென்றேன்: கச்சான் தோலைச் சப்பின மாதிரிக் காறல். இனிப்பு ஏறுவதற்குமுன் பறித்த பழம் வறுபடும்போது நிறம் ஏறாது. அந்தச் சிரட்டையைப் பொறுக்காமல் அரைத்திருந்தால் முழுக் கிலோவும் காறியிருக்கும்.

மலைநாட்டு வீட்டுத் தோட்டக்காரரைக் குறைசொல்லவும் முடியாது. பழுக்கும்வரை விட்டால் குரங்கு கொண்டுபோகும், இல்லாவிட்டால் ஆள் கொண்டுபோவார் என்பார்கள். பச்சைக்கும் பழத்துக்கும் வியாபாரி ஒரே விலை போட்டால் யார்தான் பத்து நாள் காத்திருப்பார்?

சரி, எதியோப்பியக் கோப்பி ஏன் கள்ளு மாதிரி மணக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அதிகம் பேசப் பிடிக்கும்.

எல்லா எதியோப்பியக் கோப்பியும் அப்படி மணக்காது. நீங்கள் கொண்டுவந்தது பழத்தோடு காயவைத்த வகை. பறித்த பழத்தைத் தோல் உரிக்காமல் அப்படியே பரண்மேல் பரப்பி இரண்டு மூன்று கிழமை வெயிலில் போடுவார்கள். சதை கொட்டையைச் சுற்றி மெல்லமெல்லப் புளித்துக் காயும். கொட்டைக்குப் பழவாசம் வருவது இந்தப் பக்குவத்தில்தான். நன்றாக வந்தால் பாலைப்பழமும் கனிந்த பலாச்சுளையும் கலந்த மாதிரி இருக்கும். ஒரு நாள் கிளறாமல் விட்டால் அதே வாசம் புளிச்ச கள்ளாகிவிடும். யேமனில் வீட்டு மொட்டைமாடிகளில் இப்படித்தான் நெடுங்காலமாகக் காயவைக்கிறார்கள். தண்ணீர் இல்லாத, வெயில் நிறைந்த ஊருக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை.

தண்ணீர் இருக்கும் ஊரில் வேறு முறை. பழத்தோலை இயந்திரத்தில் உரித்து, வழுவழுப்போடு தொட்டியில் ஓர் இரவு, ஒன்றரை நாள் புளிக்கவிட்டு, கழுவி, தோட்டோடு காயவைப்பது. பழவாசம் போய்விடும், கொட்டையின் சொந்தப் புளிப்புத் துப்புரவாகத் தெரியும். கென்யாவில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. கழுவிய கொட்டையைத் திரும்பவும் நல்ல தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்தக் கோப்பியைச் சீனி போடாமல் குடித்தால் நாவற்பழம் சாப்பிட்ட மாதிரி நாக்கோரம் கூசும். மில்லுக்கு வந்து "பழுதாப்போச்சு" என்று அதிகம் பேச்சு வாங்குவது இந்தக் கென்யாக் கோப்பிதான்.

பிறேசிலில் அறுவடை நேரம் நல்ல வறண்ட காலம். தண்ணீர்த் தொட்டியின் தேவை குறைவு. பழத்தோடு பெரிய முற்றங்களில் காயவைப்பார்கள், அல்லது தோலை மட்டும் உரித்து வழுவழுப்போடு போடுவார்கள். புளிப்புக் குறைவு, வறுத்த கச்சான் வாசம், வாயில் வழுவழுவென்ற கனம். நம் ஆட்களுக்கு உடனே பிடிப்பது இதுதான்.

சுமாத்திரா எதிர்ப்பக்கம். அங்கே மழை விடுவதே அருமை. கொட்டையைத் தோட்டோடு முழுதாகக் காயவைக்கும்வரை காத்திருக்க வானம் விடாது, கைக்குக் காசும் வேண்டும். ஆகவே பாதி ஈரத்திலேயே தோட்டை உடைத்து, வெறுங்கொட்டையைக் காயவைப்பார்கள். தோடு இல்லாத கொட்டை கெதியாகக் காயும். ஆனால் ஈரத்தோடு உடைபடுவதால் கொட்டை நீலம் கலந்த பச்சையாக, சிலது நசிந்து வரும். ருசியில் புளிப்பு அடங்கி, மழை பெய்த காட்டு மண், பச்சைப் புகையிலை மாதிரி ஒரு கனத்த வாசம் ஏறும். அவசரத்துக்குச் செய்த வேலை. இன்று அந்த வாசத்துக்காகவே தேடி வாங்குகிறார்கள்.

இன்னொன்று மங்களூர்ப் பக்கத்து மழைக்காற்றுக் கோப்பி. பாய்க்கப்பல் காலத்தில் மலபார்க் கரையிலிருந்து ஐரோப்பா போக மாதக்கணக்காகும். கடல் ஈரத்தில் கொட்டை ஊதி, வெளுத்து, புளிப்பு இழந்துபோய்ச் சேரும். 1869இல் சுயஸ் கால்வாய் திறந்து பயணம் சுருங்கிய பிறகு கொட்டை பச்சையாகவே போய் இறங்கியது, பழைய ருசிக்குப் பழகியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அதற்காக இன்றும் ஆனி தொடங்கிப் புரட்டாசி வரையான மழைக்காற்றில் திறந்த கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, கிளறி, மூட்டையை மாற்றி மாற்றி 12 முதல் 16 கிழமை வைத்திருக்கிறார்கள். நாம் சோளகக் காற்றைத் திட்டிக்கொண்டிருக்கும் அதே மாதங்களில் அங்கே அதே காற்று காசாகிறது.

இலங்கையும் ஒரு காலத்தில் கோப்பி நாடாமே? அப்புறம் என்ன நடந்தது?

நடந்தது 1820களில் தொடங்கி. கம்பளைப் பக்கம் வெள்ளைக்காரர் தோட்டம் திறந்தார்கள், சில பத்தாண்டுக்குள் மலைக்காடுகள் மொட்டையாகி எங்கும் கோப்பி. 1869இல் இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் மாதிரி ஒரு பூஞ்சணம் கண்டுபிடிக்கப்பட்டது, அதுதான் இலைத்துரு. காட்டை அழித்து மலை மலையாக ஒரே செடியை நட்டிருந்ததால் அது தோட்டம் தோட்டமாகத் தாவ ஒரு தடையும் இருக்கவில்லை. இருபது வருடத்துக்குள் கோப்பி சரிந்து தேயிலை வந்தது. மிச்சம் நின்றது வீட்டுத் தோட்டச் செடிகள்தான், தாழ்ந்த பகுதிகளில் பெரும்பாலும் துருவைத் தாங்கும் ரொபஸ்டா.

இதில் வன்னிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கோப்பி பறிப்பது சில மாத வேலை. அதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, நம் காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். பறிப்பு முடிந்ததும் அதே வழியால் திரும்பினார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கை வேண்டும் என்று ஆனபிறகுதான் அவர்கள் லயத்தில் நிரந்தரமாகத் தங்கினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறினார்கள். அப்படி வந்த ஒரு பெரியம்மாதான் என் மில்லில் கொட்டையை மணந்து பார்த்தே எந்தப் பக்கத்துக் கொட்டை, மண்ணில் காய்ந்ததா பாயில் காய்ந்ததா என்று சொல்லுவார். நான் வறுப்புப் பழகியது அவரிடம்.

எங்கள் கோப்பி ஏன் மண் மணக்கிறது?

மண்ணில் காய்ந்ததால்தான். முற்றத்தில் வெறும் நிலத்தில் பழத்தைக் கொட்டி, இரவில் மூடாமல் விட்டு, பனி பட்டு, திரும்பக் காய்ந்து வந்த கொட்டை அப்படி மணக்கும். தடிப்பாகப் பரப்பினால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். முழுதாகக் காயாததைப் பொலித்தீன் உறையில் கட்டினால் இன்னும் மோசம். ஈரம் 11, 12 வீதத்துக்கு இறங்கவேண்டும். கருவி இல்லாவிட்டால் பல்லால் கடித்துப் பாருங்கள், பல் பதிந்தால் இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும். பரண் கட்டி வலை விரித்து அதன்மேல் போடுவது நல்லது, கீழாலும் காற்றோடும். கருவாட்டை மணலில் போட்டதற்கும் பரணில் போட்டதற்கும் உள்ள வித்தியாசம் முல்லைத்தீவுக்காரருக்குத் தெரியும்.

மல்லி, வேர்க்கொம்பு போட்டு வறுப்பது பிழையா?

பிழையில்லை. நல்ல மருந்துக் குடிநீர் அது. ஆனால் அதில் எதியோப்பியாவையும் பிறேசிலையும் தேடாதீர்கள். நல்ல விலைக் கொட்டையைக் கொண்டுவந்து "நாலு மிளகும் போட்டு வறு தம்பி" என்று சொன்னால் செய்துதான் கொடுப்பேன், மனம் மட்டும் கொஞ்சம் வலிக்கும்.

எனக்கு எல்லாக் கோப்பியும் ஒரே ருசியாகத்தான் இருக்கிறது. என் நாக்கில் பிழையா?

நாக்கில் இல்லை, கேத்தலில். உங்கள் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்துப் பல கிணறுகளில் தண்ணீர் கடினம். அந்தத் தண்ணீரின் காரத்தன்மை கோப்பியின் புளிப்பை அடித்துவிடும். கென்யாக் கோப்பியின் நாவற்பழம் அங்கேயே செத்துப்போகும். மாரியில் துப்புரவாகப் பிடித்த மழைத்தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு கோப்பை, கிணற்றுத் தண்ணீரில் ஒரு கோப்பை, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். சீனி வேண்டாம், பால் வேண்டாம், கொஞ்சம் ஆறவிடுங்கள். சுடச்சுட நாக்குக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாவது காரணம் நாங்கள்தான். கரி நிறம் வரும்வரை வறுத்தால் எந்த ஊர்க் கொட்டைக்கும் கரி ருசிதான். நான் இப்போது கேட்பவர்களுக்குக் கபில நிறத்திலேயே இறக்கிக் கொடுக்கிறேன். "வேகேல்லை" என்று திருப்பிக் கொண்டுவந்தவர்களும் உண்டு.

வன்னியில் கோப்பி வளருமா?

அராபிக்கா வேண்டாம், காசு வீண். நாம் இருப்பது பெரும்பாலும் 100 மீற்றருக்குக் கீழே, வெக்கை அதற்கு ஆகாது. ரொபஸ்டா வளரும், நிழலும் தண்ணீரும் இருந்தால். நமக்கு மழை ஐப்பசியிலிருந்து தை வரை கொட்டிவிட்டு, வைகாசிக்குப் பிறகு சோளகத்தில் நிலம் வெடிக்கும். அந்த மாதங்களில் தண்ணீர் விட்டே ஆகவேண்டும். கிணற்றடி, தென்னை நிழல், அடியில் தடிப்பாகச் சருகு, இது போதும். வெள்ளம் நிற்கும் இடம் கூடாது.

ஏக்கர் கணக்கில் நட்டுப் பணம் பார்க்கலாமா என்று கேட்டால், இரணைமடுத் தண்ணீர் நெல்லுக்கே போதாத வருடங்களை நினைத்துப் பாருங்கள் என்பேன். வீட்டுக்கு இரண்டு மூன்று செடி, அவ்வளவுக்குச் சரி.

உங்கள் வீட்டில் நிற்கிறதா? எப்படி இருக்கிறது?

நிற்கிறது, கிணற்றடியில், ஏழு வருடமாக. நாலாம் வருடம் சித்திரை மழைக்குப் பிறகு எட்டாம் நாள் காலையில் கொப்பெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை வாசம் ரோட்டுவரை போனது. நீண்ட வெயிலுக்குப் பின் ஒரு நல்ல மழை விழுந்தால்தான் அப்படி ஒரேயடியாகப் பூக்கும். ஆனால் காய் ஒரு கை அளவுக்கு மேல் பிடிக்கவில்லை. எருவைக் கூட்டினேன், சாம்பல் போட்டேன், அடுத்த வருடமும் அதே கதை.

பெரியம்மா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். ரொபஸ்டா தன் பூந்தூளில் தானே காய்க்காது, பக்கத்தில் வேறு தாய்ச்செடியின் பிள்ளை நிற்கவேண்டும் என்றார். அராபிக்காவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரண்டு வேறு தோட்டத்து விதையில் முளைத்த இரண்டு கன்றை மாத்தளையிலிருந்து எடுப்பித்துத் தந்தார். அவை இப்போது என் இடுப்பளவு. அடுத்த வருடம் பூக்கவேண்டும்.